தான் பிடித்த பங்குக்கு மூன்றே கால்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து உண்டாக்கவில்லை. ஒரு கேள்வியாக எனக்குக் கிடைத்தது.

வீட்டு வரவுசெலவைக் கணினியில் எழுதிவைக்க மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றோடு மல்லுக்கட்டுகிறவர்கள் ஒருவரையொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ளும் இணையப் பக்கங்களும் இருக்கின்றன. அங்கே நான் கதை தேடிப் போகவில்லை. என் மச்சானின் நச்சரிப்பு தாங்காமல் ஏதோ ஒரு கம்பெனியின் பங்குகளைத் தவணையில் வாங்கித் தொலைத்திருந்தேன். அதை எப்படிப் பதிவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். தேடியபோது பழைய கேள்வி ஒன்று கண்ணில் பட்டது. கேட்டவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள். கேள்வி இதுதான்:

“தவணையில் வாங்கிய பங்கை எப்படிப் பதிவது? ஒவ்வொரு தவணை கட்டும்போதும் புதிதாக வாங்கியதாகவே போட்டுவிட்டேன். திரையில் வரும் மொத்தம் சரிதானே? சரி என்றால் சரி என்று மட்டும் சொல்லுங்கள், போதும். அவர் கடிதத்தைக் கொடுப்பதற்குள் யாராவது”

அவ்வளவுதான். ‘யாராவது’க்குப் பிறகு முற்றுப்புள்ளிகூட இல்லை. கீழே ஒரே ஒரு பதில், பல மாதம் கழித்து யாரோ போட்டது: “எனக்கும் இதே பிரச்சினை.”

பக்கத்தை மூடிவிட்டேன். ஆனால் ‘சரி என்றால் சரி என்று மட்டும் சொல்லுங்கள்’ என்ற வரி கூடவே வந்தது. சந்தேகம் கேட்கிறவர்கள் இப்படிக் கேட்பதில்லை. டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே “ஒண்ணுமில்லதானே டாக்டர்?” என்று கேட்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் குரல் இது. யார் இந்த ‘அவர்’? என்ன கடிதம்? கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? எனக்குத் தெரியாது. தெரியாததையெல்லாம் நானே இட்டு நிரப்ப உட்கார்ந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதுதான்.

தவணையில் பங்கு வாங்குவது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக (போன மாதம்வரை நானும் அந்தக் கட்சிதான்) எனக்கும் மச்சானுக்கும் நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன்.

“மாப்ளே, பங்கோட விலைல கால்வாசி இப்போ கட்டுறீங்க. பாக்கிக்கு மூணு கால் வரும்.”

“யாரோட கால்?”

“கம்பெனியோட கால்.”

“கம்பெனிக்கு ஏது மச்சான் கால்?”

“அட, கால்னா கூப்பிடுறது! ‘பணத்தைக் கட்டு’ன்னு கம்பெனி கூப்பிடும். முதல் கால், ரெண்டாவது கால், கடைசிக் கால். ஒவ்வொரு காலுக்கும் கால்வாசி.”

“கட்டலைன்னா?”

மச்சான் தொண்டையைச் செருமினார். அவர் தொண்டையைச் செருமினால் விஷயம் கெட்டது என்று அர்த்தம். “கடைசிக் கால் கட்டலைன்னா பங்கைப் பிடுங்கிக்குவாங்க. அதுவரைக்கும் கட்டினதும் போனதுதான். நீங்க ஏன் அதையெல்லாம் நினைக்கிறீங்க?”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்களைப் பற்றி நாம் சொல்வதுண்டு. பழமொழி தானாக மடியில் வந்து விழுந்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. நகைச்சுவைக் கதை ஒன்று எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். நம்புங்கள்.


2

தொடக்கம், முதல் முயற்சி:

“அந்தப் பெண் கணினிமுன் உட்கார்ந்திருந்தாள். வெளியே செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் ஒரு முரடன். கணக்கில் ஒரு பைசா குறைந்தாலும்”

[வேண்டாம். முரடனை வைத்துவிட்டால் கதவு தட்டும் சத்தமே போதும், பயம் வந்துவிடும். எழுதுகிறவனுக்கு வேலையே இல்லை. தவிரவும், கேள்வியில் ‘அவர்’ என்றுதான் இருக்கிறது. அந்த ‘ர்’ஐ நான் மதிக்க வேண்டும்.]

இரண்டாம் முயற்சி:

“அவள் கணவர் நல்லவர். அவள் சொன்னால் நம்புகிறவர்.”

இதை எழுதிவிட்டு அடுத்த வரி எழுத முடியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதர் நம்மை முழுக்க நம்பி, நாம் சொன்ன ஒரு எண்ணை நம்பி, வீட்டைவிட்டுக் கிளம்பிப் போய்விடுகிறார். அதன் பிறகு அந்த எண் தப்பு என்று தெரிகிறது. முரடனுக்குப் பயந்து ஒளிந்துகொள்ள ஒரு இடமாவது கிடைக்கும்.

சரி, இவரையே வைத்துக்கொள்கிறேன்.

அவளுக்கு ஒரு வேலை வேண்டும். முதலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக வைத்தேன். கணக்கு டீச்சர் கணக்கில் கோட்டைவிட்டால் நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள். எடுத்துவிட்டேன். ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவளாக வைத்தேன். அவள் உடனே அதில் உட்கார்ந்துகொண்டாள். நகரவே இல்லை. அங்கே அவளை எல்லோரும் படக்காரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். “படக்காரம்மா, அடுத்த ஆளை அனுப்பவா?” என்று ரிசப்ஷன் பெண் எட்டிப்பார்த்துக் கேட்கிறாள். “மூச்சை இழுங்க. அப்படியே பிடிங்க. விடுங்க,” என்று கண்ணாடிக்குப் பின்னால் நின்று இவள் சொல்கிறாள். மற்றவர்களின் மூச்சைப் பிடிக்கச் சொல்லியே சம்பாதிக்கிறவள்.

அவருக்கு? அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏன் என்று கேட்காதீர்கள். கணினிமுன் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் வீட்டுக்காரருக்கு, போன் எடுக்க முடியாத இடத்தில் ஒரு வேலை தேவைப்பட்டது. அந்த வசதிக்காகத்தான் வைத்தேன். அதற்கு நான் அப்புறம் அனுபவித்தேன்.


2 (மறுபடியும்)

லிஃப்ட் ஏறி இறங்கும் உயரமான இருட்டுக்கு அவர்கள் ஷாஃப்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லிஃப்டைப் பழுது பார்ப்பவர் பெட்டியின் உள்ளே நின்று வேலை செய்வதில்லை. அதன் கூரைமேல் ஏறி நிற்கிறார். அங்கே ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் மாடியில் யார் பொத்தானை அழுத்தினாலும் லிஃப்ட் நகராது. அந்தச் சுவிட்சை நம்பித்தான் ஒரு மனிதர் இருட்டில் நிற்கிறார்.

ஒரு நாள் சுவிட்சைப் போட்டும் லிஃப்ட் நகர்ந்தது. யாரோ மேல்மாடியில் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். அவசரமாக எங்கேயோ போக வேண்டியவராக இருக்கும். லிஃப்ட்காரர் நின்றிருந்த கூரை மெதுவாக, ஒரு தப்பும் செய்யாததுபோல, மேலே ஏறத் தொடங்கியது. மேலே காங்கிரீட் தளம். அவர் கத்தினார். குனிந்தார். உட்கார்ந்தார். பிறகு படுத்துக்கொண்டார். மூக்குக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு உள்ளங்கை நுழையும் இடம் இருக்கும்போது அது நின்றது. ஏன் நின்றது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அன்று வீட்டுக்கு வந்தபோது அவருக்கு மேல்மூச்சு வாங்கியது.

“என்னங்க, லிஃப்ட் ஓடலையா?” என்று கேட்டாள் படக்காரம்மா.

“ஓடுது.”

“பின்ன ஏன் படியேறி வந்தீங்க?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, “இந்தப் பொத்தானைக் கொஞ்சம் கழட்டிவிடும்மா,” என்றார். அவர் விரல்கள் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அவள் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினாள். சட்டை முதுகில் சிமெண்டுத் தூள் அப்பியிருந்தது. அது எப்படி ஒட்டியது என்று அவள் கேட்டாள்; சொன்னார்.

அதற்குப் பிறகும் வேலைக்குப் போனார். வாடகை இருக்கிறதே. ஆனால் தினமும் காலையில் குளியலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு உள்ளே நிற்பார். தண்ணீர்ச் சத்தத்துக்குப் பின்னால் அவர் வாந்தியெடுக்கும் சத்தம் அவளுக்குக் கேட்கும். கேட்காததுபோல அவள் சாப்பாட்டு டப்பாவை மூடுவாள். வெளியே வந்து, “தண்ணி ஜில்லுன்னு இருக்கு,” என்பார். அவளும், “ஆமா, குளிர்காலம்,” என்பாள். குளிர்காலமெல்லாம் ஒன்றுமில்லை.

[இந்தப் பகுதியை எழுதியதிலிருந்து எங்கள் கட்டடத்தில் நான் படியேறுகிறேன். என் மனைவி தொப்பை குறையட்டும் என்று பேசாமல் இருக்கிறாள்.]

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை படக்காரம்மா மென்பொருளைத் திறந்தாள். வீட்டுக் கணக்கு அவள் பொறுப்பு. விபத்துக்கு வெகுநாள் முன்பே அவர்கள் ஒரு கம்பெனியின் பங்கில் நானூறு வாங்கியிருந்தார்கள், தவணையில். “மூணு கால்தான் இருக்குன்னா அது முயல்தான்,” என்று லிஃப்ட்காரர் அன்று சிரித்ததால் மென்பொருளில் அந்தக் கணக்குக்கு அவள் ‘முயல்’ என்றே பெயர் வைத்தாள். விண்ணப்பத்தோடு கால்வாசி கட்டியபோது ‘வாங்கல் – நானூறு’ என்று பதிந்தாள். முதல் கால் வந்தது, கட்டினாள், ‘வாங்கல் – நானூறு’. இரண்டாவது கால் வந்தது; ‘வாங்கல் – நானூறு’. பணம் போனால் ஏதோ ஒன்று வாங்கியதாகத்தானே போட வேண்டும்? மென்பொருளும் மறுபேச்சுப் பேசவில்லை.

அன்று மாலைதான் முதல்முறையாக அடியில் இருந்த மொத்தத்தை நிறுத்திப் பார்த்தாள். மென்பொருள் பங்குகளைக் கூட்டி, அன்றைய சந்தை விலையால் பெருக்கி, ஒரு எண்ணைக் கொடுத்திருந்தது. அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஏங்க, இங்க வாங்களேன்.”

“என்ன?”

“முயல் குட்டி போட்டிருக்கு.”

அவர் வந்து அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். “இவ்வளவா?”

“இவ்வளவேதான்.”

“சரியா பாத்தியா நீ?”

“நான் எங்கங்க பாக்குறேன், கம்ப்யூட்டர்தான் பாக்குது. அது பொய் சொல்லுமா?” பிறகு, இவ்வளவு நாளும் தொண்டையிலேயே நின்றிருந்ததைச் சொன்னாள். “நீங்க அந்தக் குழிக்குள்ள இனிமே இறங்க வேண்டாம். விட்டுடுங்க. இதை வச்சு ஒரு சின்னக் கடை போட்டுக்கலாம். தரையில நின்னு பாக்குற வேலை.”

அவர் அவள் தலையில் கையை வைத்தார். மறுநாள் காலை குழாய்ச் சத்தம் கேட்கவில்லை.

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். எலும்பில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவள் இதை ஏன் பார்க்கவில்லை? நானும் அவளைச் சந்தேகப்பட்டேன். ஒரு பிரதியில் அவளை அசட்டையானவளாக எழுதிப் பார்த்தேன்; ஒட்டவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்த எண் அவருடைய உயிரின் விலையாக அவளுக்குத் தெரிந்தது. அதைச் சோதித்துப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. நானாக இருந்தாலும் சோதித்திருக்க மாட்டேன்.


3

கடிதம் என்று கேள்வியில் இருந்ததே, அது ராஜினாமாக் கடிதம். இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அந்த வார நடுவில் ஒரு நாள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் கிளம்பினார். “மேனேஜர் மத்தியானம்தான் வருவார். அதுக்குள்ள பாக்கி இருக்குற ஒரு லிஃப்டை முடிச்சுட்டு, லெட்டரைக் கொடுத்துட்டு வந்துடுறேன்.”

“இன்னிக்கும் உள்ள இறங்கணுமா?”

“கடைசியாதானே?” என்றார். ஷூ கயிற்றைக் கட்டும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தார். வாசலில் நின்றிருந்த படக்காரம்மா காதால் கேட்டாள்: அவர் படியில் இறங்கவில்லை. லிஃப்டின் கதவு திறந்து மூடியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் லிஃப்டில் இறங்கிப் போனார்.

அவளுக்கு அன்று மதிய ஷிஃப்ட். மேசைமேல், நேற்று பங்குக் கம்பெனியிலிருந்து வந்த கடிதம் கிடந்தது. உறையின் கண்ணாடித்தாள் வழியே ‘இறுதி அழைப்பு’ என்று தடித்த எழுத்தில் தெரிந்தது. நேற்று அதைப் பார்த்துவிட்டு லிஃப்ட்காரர் முகம் செத்துப்போய், “யாருக்கு?” என்று கேட்டதும், “அட, முயலுக்குங்க. கடைசிக் கால்,” என்று அவள் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. வேலை போனாலும் கவலையில்லை, முயலில் கொஞ்சத்தை விற்றே இந்தக் காலைக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். சும்மா பதிந்து பார்ப்போமே என்று மென்பொருளைத் திறந்தாள். ‘வாங்கல் – நானூறு’. மொத்தம் எகிறியது.

ஒரு பைசா இன்னும் கட்டவில்லை. கட்டப்போவதோ கொஞ்சம். மொத்தம் ஏன் இவ்வளவு ஏறுகிறது?

கடிதத்தைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் கட்ட வேண்டிய தொகை. அதை அவள் எப்போதும் படிப்பாள். பின்பக்கத்தைப் புரட்டியது இதுதான் முதல்முறை. பொடி எழுத்தில் இருந்தது: ‘தங்கள் வசமுள்ள பங்குகள்: நானூறு.’

“இவனுங்களுக்குக் கணக்கே வராது போல,” என்று வாய்விட்டுச் சொன்னாள். திரையில் ஆயிரத்து அறுநூறு இருந்தது. இப்போது பதிந்ததை அழித்தாள். ஆயிரத்து இருநூறு. கம்பெனிதான் தப்பாக அச்சடித்திருக்கிறது. அவர்களுக்கு போன் போட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

[இங்கேதான் பழமொழி வர வேண்டும். மூன்றே கால் என்று அவள் சாதிக்க வேண்டும், நீங்கள் சிரிக்க வேண்டும். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களை இழுத்துவந்தேன். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.]

போனைக் கையில் எடுத்தபோது அவளுக்கு முந்தின நாள் நினைவுக்கு வந்தது. மணிக்கட்டு உடைந்த ஒரு தச்சர். கையை நேராக வைத்து ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, சாய்த்து ஒன்று. மூன்றையும் ஒரே ஃபிலிமில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கொடுத்தாள். தச்சரின் மனைவி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “அய்யோ, மூணு கையா உடைஞ்சிருக்கு?” என்று பதறினாள். படக்காரம்மா சிரித்துவிட்டாள். “ஒரே கைதாம்மா. மூணு பக்கமும் திருப்பித் திருப்பி எடுத்திருக்கேன்.”

ஒரே கைதாம்மா.

அவள் போனைக் கீழே வைத்தாள். நானூறு பங்கு. அதே நானூறு. அதே நானூறு. அந்தத் திரையில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் அவர்களுடையது. அதை வைத்துக் கடை போட முடியாது. கடைக்கு அட்வான்ஸ்கூடக் கொடுக்க முடியாது. இதில் கடைசிக் கால் கட்டாவிட்டால் அந்த ஒரு பங்கும் பறிபோகும். அதைக் கட்ட அவர் சம்பளம் வேண்டும். அவர் சம்பளம் வேண்டுமென்றால் அவர் அந்த இருட்டில், அந்தச் சுவிட்சை நம்பி நிற்க வேண்டும்.

அப்போதுதான் அவள் இணையப் பக்கத்தைத் திறந்து அந்தக் கேள்வியை அடித்தாள். பதில் தெரிந்த பிறகு எதற்குக் கேட்க வேண்டும் என்றால், உலகத்தில் யாராவது ஒருவர் ‘சரி’ என்று சொல்லிவிட மாட்டார்களா என்றுதான். ‘அவர் கடிதத்தைக் கொடுப்பதற்குள் யாராவது’ என்று அடிக்கும்போது சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்படியே அனுப்பு பொத்தானை அழுத்திவிட்டுப் போனை எடுத்தாள்.*

“நீங்கள் அழைக்கும் நபர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்.”

இது முதல் கால்.

ஷாஃப்டுக்குள் சிக்னல் கிடையாது. அவர் எப்போதும் சொல்வதுதான். அப்படியென்றால் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். அப்படியென்றால் கடிதம் இன்னும் பையில் இருக்கிறது. அப்படியென்றால்... அவளுக்கு ஒரு நொடி நிம்மதி வந்தது. எதற்காக நிம்மதிப்படுகிறோம் என்று புரிந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் குழிக்குள் இருப்பதற்காக அவள் சந்தோஷப்பட்டிருந்தாள்.

“நீங்கள் அழைக்கும் நபர்”

இரண்டாவது கால்.

______
* நியாயமாகப் பதியும் முறை (மச்சானிடமும் இன்னும் இரண்டு பேரிடமும் கேட்டு உறுதிசெய்தது): பங்கின் எண்ணிக்கையை ஒரே ஒரு முறை, முதல் தவணையின்போது மட்டும் போட வேண்டும். பிறகு கட்டும் தவணைகளில் எண்ணிக்கைக்குப் பூஜ்யம். தொகை மட்டும் அதே பங்கின் அடக்க விலையோடு போய்ச் சேர வேண்டும். மென்பொருள் பூஜ்யத்தை ஏற்கவில்லையென்றால், முதலிலேயே முழு விலைக்கும் வாங்கியதாக எழுதி, கட்டாத பாக்கியைக் கடன் என்று தனியாக வைத்து, தவணைதோறும் குறைத்துக்கொண்டு வரலாம். இவ்வளவுதான் விஷயம். இதை அந்தக் கேள்விக்குக் கீழே எழுதப் போனேன். ‘இந்த உரையாடல் முடிக்கப்பட்டது, புதிய பதில்கள் ஏற்கப்படமாட்டா’ என்று வந்தது.


3¼

மச்சானிடம் இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

“ஏன் மாப்ளே இப்படி நெஞ்சை அடைக்க வைக்கிறீங்க? அந்தம்மா சொல்லாமலே இருந்துடட்டுமே.”

“கடைசிக் கால் யாரு கட்டுறது?”

“அதுக்குள்ள பங்கு மூணு மடங்கு ஏறிடுது. அவங்க போட்ட தப்புக் கணக்கே சரியாயிடுது. எப்படி?”

பங்குச்சந்தையில் இருப்பவர்கள் இப்படித்தான் கதை எழுதுவார்கள். நியாயத்துக்கு அதையும் ஒரு முடிவாகக் குறித்துவைத்தேன். என்னிடம் இருந்த மற்ற இரண்டு:

அவள் சொல்லவில்லை. அவர் காலிச் சட்டைப்பையோடு, சிரித்த முகத்தோடு லிஃப்டில் மேலே வருகிறார். கடை பார்க்கத் தெருத்தெருவாக அலைகிறார். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று அவள் நாளைக் கடத்துகிறாள். கெடு முடிந்து முயல் பறிபோகிறது. தெரிந்த அன்று அவர் அவளைத் திட்டுவதில்லை. வேறொரு கம்பெனிக்கு, குறைந்த சம்பளத்துக்கு, இன்னும் பழைய லிஃப்டுகளைப் பார்க்கப் போகிறார். காலையில் குழாய்ச் சத்தம். [இதை எழுதினேன். அவர் திட்டாததுதான் என்னால் தாங்க முடியவில்லை.]

அவள் சொல்லிவிடுகிறாள். அவர் “சரி விடும்மா, பாத்துக்கலாம்,” என்று கடிதத்தைக் கிழித்துப் போடுகிறார். மறுநாள் வேலைக்குப் போகிறார். அதற்கு மறுநாளும். ஒரு நாள் அந்தச் சுவிட்ச்

[இல்லை. அந்தச் சுவிட்சைக் கெடுத்தவன் நான்தான். யாரோ வந்து அதை மாற்றிவிட்டுப் போனதாக ஒரு வரி எழுதிவிடலாம் என்று பார்த்தேன். எழுதினேன். ‘கம்பெனி எல்லாச் சுவிட்சுகளையும் புதிதாக மாற்றியது.’ படித்துப் பார்த்தேன். நீங்களும் படித்துப் பாருங்கள், நம்புகிறீர்களா என்று. அழித்துவிட்டேன்.]

ஆகவே நான் பயந்துபோயிருக்கிறேன். அவளைவிட அதிகமாக என்றுகூடச் சொல்வேன். அவளுக்கு ஒரு புருஷனைப் பற்றித்தான் பயம், எனக்கு இரண்டு பேரையும் பற்றி. உண்மையைச் சொன்னால் அவர் இருட்டுக்குள் இறங்க வேண்டும். சொல்லாவிட்டால் இப்போதைக்கு வெளிச்சத்தில் இருப்பார், எத்தனை நாளைக்கோ. அவரை அந்தக் கூரைமேல் மறுபடி ஏற்ற எனக்குக் கை வரவில்லை. அவளைப் பொய்யோடு ஒரே படுக்கையில் படுக்கவைக்கவும் கை வரவில்லை. நாலாவது பகுதி என்று தலைப்பிட்டு, அதன் கீழே ஒன்றும் எழுதாமல், பல நாள் வைத்திருந்தேன். பிறகு தலைப்பையும் எடுத்துவிட்டேன். கதை மூன்றேகாலில் நிற்கிறது.

இதுவரை என்னோடு வந்திருக்கிறீர்கள். மூன்று தவணை கட்டியாகிவிட்டது. பாக்கியைக் கட்டாமல் எழுந்து போகலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் கடைசிக் கால் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று மச்சான் முதலிலேயே சொன்னதை நினைவுபடுத்துகிறேன்.

இதோ, அவள் மூன்றாவது முறையாக எண்ணை அழுத்துகிறாள்.

மணி அடிக்கிறது. தொடர்பு எல்லைக்குள் வந்துவிட்டார். குழியைவிட்டு ஏறியாகிவிட்டது. மேனேஜர் அறைக்கு வெளியே காத்திருக்கிறாரா, இல்லை பேசி முடித்துக் கீழே வந்துவிட்டாரா, எனக்குத் தெரியாது. சட்டைப்பையில் கடிதம் இருக்கிறதா என்று பார்க்க நான் நிற்கும் இடத்திலிருந்து முடியவில்லை. அவள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று மற்றவர்களுக்குச் சொல்வதைத் தனக்கே சொல்லிக்கொள்கிறாள். மூச்சை இழு. அப்படியே பிடி.

அவர் எடுத்துவிட்டார். பின்னால் தெருச் சத்தம் கேட்கிறது. குரலில் காலையில் முணுமுணுத்த பாட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

“சொல்லும்மா,” என்கிறார்.

சொல்லுங்கள்.